பிஆர்டிஎஸ் பாதையை நீட்டப்போகிறார்கள், கருத்துக் கேட்கிறார்கள்: போனால் பயன் உண்டா, போய் என்ன பேசுவது?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். வேலை நிமித்தம் வடக்கே ஒரு நகரத்தில் குடியிருக்கிறீர்கள். அங்கே ஏற்கெனவே ஓடும் பிஆர்டிஎஸ் பாதையை, அதாவது பஸ்கள் மட்டும் விரைவாகப் போகச் சாலையில் தனியாக ஒதுக்கிய பாதையை, உங்கள் பகுதி வழியாக இன்னும் சில கிலோமீட்டர் நீட்ட மாநகராட்சி திட்டம் போட்டிருக்கிறது. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. கடைக்காரர் சங்கம் எதிர்க்கிறது, உங்கள் அடுக்ககச் சங்கம் கார்களுக்கு இடம் போய்விடுமோ என்று தயங்குகிறது, ஆனால் உங்கள் மனைவி தினமும் பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறார். “எல்லாம் முடிவு செய்துவிட்டுச் சடங்குக்காகக் கேட்கிறார்களா? போனால் என்ன பேசுவது?” என்கிறீர்கள். ஒரு திட்டத்தில் எது ஏற்கெனவே இறுகிவிட்டது, எது இன்னும் நகர்த்தக்கூடிய நிலையில் இருக்கிறது, அதை ஒரு சாதாரண ஆள் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதே இதில் இருக்கும் நிஜமான கேள்வி என்று நினைக்கிறேன். பதிலையும் அதற்கேற்பவே எழுதுகிறேன்.

நகரப் போக்குவரத்துத் திட்டமிடல் படித்து, பல ஆண்டுகளாக பஸ் பாதைகளின் வடிவமைப்பிலும் இப்படிப்பட்ட கூட்டங்களை நடத்துவதிலும் வேலை செய்கிறேன். உங்கள் ஊர்த் திட்டத்தின் வரைபடத்தை நான் பார்க்கவில்லை. எனவே அந்தப் பாதை சரியா தவறா என்று இங்கிருந்து தீர்ப்பு சொல்ல மாட்டேன். ஆனால் எந்த ஊரானாலும் இந்தத் திட்டங்கள் நகரும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் சாத்தியக்கூறு அறிக்கை, பிறகு டிபிஆர் எனப்படும் விரிவான திட்ட அறிக்கை, அதன் மேல் நிதி ஒப்புதல், பிறகு சாலையின் முழு வரைபடங்கள், டெண்டர், வேலை உத்தரவு. எந்தச் சாலை வழியாகப் போவது என்பது டிபிஆர் முடியும்போதே பெரும்பாலும் முடிந்துவிடும். அதற்குப் பிறகு கூட்டம் போட்டால் “இந்த ரோடு வேண்டாம், அடுத்த ரோட்டில் போடுங்கள்” என்று எவ்வளவு உரக்கப் பேசினாலும் பலன் குறைவு. ஆனால் பஸ் நிலையம் நூறு இருநூறு மீட்டர் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, சாலையைக் கடக்கும் இடம் எங்கே, எந்த வலது திருப்பத்தை மூடுகிறார்கள், நடைபாதை எத்தனை அகலம், இணைப்பு பஸ் எந்தத் தெருவுக்குள் வரும், நடைபாதை வியாபாரிகளுக்கு எங்கே இடம் என்பதெல்லாம் டெண்டர் விடும் வரை மாற்றக்கூடியவை. டெண்டர் விட்டபின் ஒவ்வொரு மாற்றமும் ஒப்பந்தக்காரருக்குக் கூடுதல் பில். தணிக்கைக்குப் பயந்து எந்தப் பொறியாளரும் கை வைக்க மாட்டார். ஆகவே கூட்டத்தில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “டிபிஆர் ஒப்புதல் ஆகிவிட்டதா? டெண்டர் எப்போது?” இந்த இரண்டு தேதியும் தெரிந்தால் எதைப் பேசுவது வீண், எதைப் பேசினால் நடக்கும் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

மக்களை எப்படிக் கையாள்கிறார்கள் என்பது ஒரு பாதையின் ஆயுளையே தீர்மானிப்பதற்கு நம் நாட்டிலேயே இரண்டு எடுத்துக்காட்டுகள் உண்டு. டெல்லியில் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டர் பாதை 2008இல் திறக்கப்பட்டது. அது டெல்லி கேட் வரை போக வேண்டிய 14.5 கிலோமீட்டர் திட்டத்தின் முதல் துண்டு. நடுவில் பஸ்களுக்குத் தனிப் பாதை, ஓரத்தில் சைக்கிள்களுக்கும் நடப்பவர்களுக்கும் இடம். பஸ்ஸில் போனவர்களுக்கு நேரம் மிச்சமானது. ஆனால் சிராக் டில்லி சந்திப்பில் சிக்னல் சுற்று, அதாவது எல்லாத் திசைக்கும் ஒரு முறை பச்சை வந்து முடியும் நேரம், நீண்டுபோனது, கார்கள் வரிசையில் நின்றன. முதல் வாரத்திலிருந்தே செய்தித்தாள்களிலும் டிவியிலும் காரில் உட்கார்ந்திருந்தவர்களின் குரல்தான் கேட்டது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2012இல் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்து பாதை தொடரலாம் என்றது. அப்படியும் 2015இல் மாநில அரசு அதைக் கைவிட முடிவு செய்தது, 2016இல் இடித்தார்கள். நீதிமன்றத்தில் வென்ற ஒரு பாதை ஊரில் தோற்றது. வடிவமைப்பில் குறை இருந்தது உண்மை. ஆனால் அந்தக் குறையைச் சரிசெய்யும்வரை பொறுத்திருக்க வைக்க, பஸ் பயணிகளின் குரல் ஒழுங்காகத் திரட்டப்படவே இல்லை என்பது என் கருத்து.

அகமதாபாத்தில் ஜன்மார்க் என்ற பிஆர்டிஎஸ் 2009 அக்டோபரில் ஆர்டிஓவிலிருந்து பிரானா வரையான 12.5 கிலோமீட்டருடன் தொடங்கியது. அங்கே செப்ட் பல்கலைக்கழகத்தின் திட்டக்குழு ஒரு காரியம் செய்தது, அது எனக்கு இன்றும் பிடித்த காரியம். முழு அளவில் ஒரு மாதிரி பஸ் நிலையத்தை முன்கூட்டியே கட்டி, மக்களை உள்ளே விட்டார்கள். பாதை தயாரானதும் உடனே டிக்கெட் போடாமல் சில மாதம் இலவசமாக ஓட்டிப் பார்த்தார்கள். காகிதத்தில் பார்த்தால் புரியாத விஷயம், பிளாட்பாரத்தில் நின்று பஸ் கதவுக்கும் விளிம்புக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் குனிந்து பார்க்கும்போது புரியும். கைக்குழந்தையோடு வரும் பெண் அந்த இடைவெளியில் என்ன செய்வாள் என்று அப்போதுதான் தெரியும். நெரிசலான இடங்களை இணைக்க வேண்டும், ஆனால் நெரிசலான சாலைகளைத் தவிர்க்க வேண்டும் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட கொள்கை. டெல்லி மாதிரி முதல் நாளே மிகக் கடினமான சாலையில் கை வைக்காமல், அகலமான சாலைகளில் தொடங்கிப் படிப்படியாக நீட்டினார்கள்.

அதற்காக அகமதாபாத்தை அப்படியே பின்பற்றுங்கள் என்று சொல்ல மாட்டேன். கொண்டாட்டமெல்லாம் அடங்கிய பிறகு செப்ட் ஆய்வாளர்களே செய்த ஆய்வுகளில், எளிய வருமானக்காரர்கள் எதிர்பார்த்த அளவு அதில் ஏறவில்லை என்று தெரிந்தது. நடைபாதையும் சைக்கிள் பாதையும் பல இடங்களில் அறுந்து கிடந்தன. பழைய நகரப் பேருந்துகளை ஓட்டும் ஏஎம்டிஎஸ் ஒரு நிர்வாகம், ஜன்மார்க் வேறு நிர்வாகம். ஒன்றிலிருந்து இறங்கி மற்றதில் ஏறுவது பயணியின் தலைவலியானது. எளிய சாலைகளைத் தேர்ந்தெடுத்ததற்கும் ஒரு விலை இருந்தது. அகலச் சாலையோரம் இருந்தவர்களுக்குச் சௌகரியம் முதலில் கிடைத்தது; நெரிசலான பழைய நகரத்துக்காரர்கள் காத்திருந்தார்கள்.

இனி உங்கள் கூட்டத்துக்கு வருகிறேன். வேலை நாளில் பகல் 11 மணிக்கு மண்டபத்தில் கூட்டம் வைத்தால் யார் வருவார்கள்? கடைக்காரர் சங்கம் வரும், ஓய்வுபெற்றவர்கள் வருவார்கள், கவுன்சிலரின் ஆட்கள் வருவார்கள். பஸ்ஸில் போகிறவர் அந்த நேரம் வேலையில் இருப்பார். இது யாருடைய சதியும் இல்லை. ஆனால் விளைவு என்னவோ ஒன்றுதான். எனவே முதல் கோரிக்கையாக, நோட்டீஸ் அனுப்பிய அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: இப்போது பஸ் நிற்கும் இடங்களில், காலை ஏழரையிலிருந்து பத்து வரையும் மாலையிலும், வரைபடத்தோடு ஆள் நிறுத்திக் கருத்துக் கேளுங்கள் என்று. இதற்குப் பெரிய செலவு இல்லை, இரண்டு மேசையும் நான்கு மாணவர்களும் போதும். உள்ளூர் பொறியியல் கல்லூரிகள் ஆவலோடு ஆள் அனுப்பும்.

இது எவ்வளவு பயன் தரும் என்பதற்கு நான் நேரில் கண்டதைச் சொல்கிறேன். ஒரு நகரத்தில் நிலையம் வரவிருந்த இடத்துக்குப் பக்கத்தில் வரைபடத்தைத் தரையில் விரித்து, நான்கு மூலையிலும் செங்கல் வைத்து உட்கார்ந்திருந்தோம். அங்கே பூக்கட்டி விற்கும் அம்மா ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்தார். வரைபடம் படிக்கத் தெரியாது, ஆனால் பக்கத்து வேப்பமரத்தையும் டிரான்ஸ்ஃபார்மரையும் காட்டிக் கேட்டு இடத்தைப் பிடித்துக்கொண்டார். பிறகு நிலையத்தின் வாசல் வரும் இடத்தில் விரலை வைத்து, மழைக்காலத்தில் இங்கே முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும், ஒரு நாள் பெய்தால் இரண்டு நாள் வடியாது என்றார். எங்கள் கன்சல்டன்ட் அளவெடுத்தது கோடையில். மட்ட அளவுகளைத் திரும்பப் பார்த்தபோது அந்த இடம்தான் அந்தச் சாலையின் தாழ்ந்த புள்ளி. நிலையத்தை நகர்த்தி, வடிகாலையும் மாற்றினோம். எந்த மென்பொருளும் சொல்லாத தகவலை அவர் ஒரு நிமிடத்தில் சொன்னார். பொதுமக்கள் கருத்து என்பதில் மிக உயர்ந்த பகுதி இதுதான் என்று நான் நம்புகிறேன். வேண்டும், வேண்டாம் என்று கை தூக்குவதைவிட, அந்த இடத்தைத் தினமும் மிதிப்பவருக்கு மட்டும் தெரிந்த ஒன்றைச் சொல்வது.

உங்கள் மனைவியிடம் கேட்டு இப்படிப்பட்ட விஷயங்களைத் திரட்டுங்கள். முதலாவதாகச் சாலையைக் கடப்பது. நிலையம் சாலை நடுவில் வந்தால், ஒவ்வொரு பயணியும் ஏறும்போதும் இறங்கும்போதும் பாதிச் சாலையைக் கடந்தே ஆக வேண்டும். பிஆர்டிஎஸ்ஸில் பாதுகாப்பு என்பதே பெரும்பாலும் இந்தப் பாதிச் சாலைதான். நடப்பவருக்கான பச்சை விளக்கின் நேரத்தை, நொடிக்கு ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாக நடக்கும் ஆளை மனதில் வைத்துக் கணக்கிடுவது வழக்கம். மூட்டுவலி உள்ளவர் அந்த வேகத்தில் நடக்க மாட்டார். பக்கத்தில் மருத்துவமனையோ பள்ளியோ இருந்தால் அதைக் குறிப்பிட்டு, இந்தக் கடவுக்குக் கூடுதல் நொடிகள் வேண்டும் என்று கேளுங்கள். நடை மேம்பாலம் கட்டித் தருகிறோம் என்று சொன்னால் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். படியேறி இறங்குவதற்குப் பதில் மக்கள் தடுப்பைத் தாண்டித்தான் ஓடுவார்கள்; தரைமட்டக் கடவும் சிக்னலும்தான் உங்களுக்கு வேண்டியது.

அடுத்தது வலது திருப்பம். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம், எனவே நடுவில் நேராக வரும் பஸ்ஸும் வலப்பக்கம் திரும்பும் வண்டியும் மோதிக்கொள்ளும் கோணத்தில் இருக்கும். அதற்குத் தனியாக ஒரு சிக்னல் கட்டம் சேர்த்தால் சுற்று முழுவதும் நீளும், பஸ்ஸும் காரும் நடப்பவரும் எல்லோரும் காத்திருப்பார்கள். டெல்லியில் எரிச்சலை வளர்த்தது இந்த மாதிரி நீளமான சுற்றுதான். ஆகவே சில வலது திருப்பங்களை மூடி, தள்ளிப்போய் யூ டர்ன் எடுக்கச் சொல்வது நல்ல வடிவமைப்பு. உங்கள் அடுக்ககக்காரர்கள் இதற்குத்தான் அதிகம் கோபப்படுவார்கள். மூடப்போவது எது என்று இப்போதே பட்டியல் வாங்கி அவர்களிடம் காட்டிவிடுங்கள். திறப்பு விழா அன்று தெரிந்தால் பகையாகும்.

நீட்டிப்புக்கென்றே உள்ள ஒரு கேள்வி இருக்கிறது, அதை ஏறக்குறைய யாரும் கேட்பதில்லை. கூடுதல் பஸ் எத்தனை? இது வெறும் வகுத்தல் கணக்கு. இப்போது ஒரு பஸ் போய்த் திரும்ப 60 நிமிடம், பாதையில் 12 பஸ் என்றால் 5 நிமிடத்துக்கு ஒன்று வரும். பாதையை நீட்டியபின் போய்வர 90 நிமிடம் ஆகி, அதே 12 பஸ்தான் என்றால் ஏழரை நிமிடத்துக்கு ஒன்று. உங்கள் பகுதிக்குப் பாதை வந்ததற்காக, ஏற்கெனவே பயணம் செய்துகொண்டிருப்பவர்கள் எல்லோரும் கூடுதலாகக் காத்திருப்பார்கள். சாலை போட மானியம் கிடைக்கும், ரிப்பன் வெட்டலாம். பஸ் வாங்குவதும் டிரைவர் சம்பளமும் ஆண்டுதோறும் வரும் செலவு, அது வேறு தலைப்பில் இருக்கும். பஸ் கொள்முதலும் இயக்கச் செலவும் எந்தப் பட்ஜெட்டில், எந்த ஆண்டில் வருகின்றன என்று எழுத்தில் கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் அதுவே ஒரு பதில்.

இதோடு ஒட்டியது, இப்போது ஓடும் நேரடி பஸ்கள். பெரிய பாதை வந்ததும் இணையாக ஓடும் பழைய ரூட்டுகளைக் குறுக்கி இணைப்பு பஸ்ஸாக மாற்றுவது உண்டு. நிர்வாகத்துக்கு அது சிக்கனம். ஆனால் இதுவரை ஒரே பஸ்ஸில் போனவர் இனி இடையில் இறங்கி மாற வேண்டும், இரண்டு டிக்கெட் எடுக்க நேரலாம். எந்த ரூட் எண்கள் மாறும், மாறினால் ஒரே டிக்கெட் செல்லுமா என்று கேளுங்கள். உங்கள் மனைவி போகும் ரூட் எண்ணை எழுதிக் கொடுத்துக் கேட்டால் பொதுவான பதில் சொல்லித் தப்ப முடியாது.

கடைக்காரர்களைப் பற்றி நியாயமாகப் பேச விரும்புகிறேன். வேலை நடக்கும் மாதங்களில் அவர்களுக்கு வியாபாரம் குறையும், அது நிச்சயம். பாதை வந்தபின் கூடுமா குறையுமா என்பது கடைக்குக் கடை, சாலைக்குச் சாலை வேறுபடுகிறது. நிச்சயம் கூடும் என்று உறுதி தருகிறவர்களை நம்பாதீர்கள். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்து யூஜீன் நகரில் எம்எக்ஸ் என்ற இதே வகைப் பாதை 2007இல் தொடங்கியது. மேற்குப் பகுதிக்கு அதை நீட்டப்போனபோது அங்கேயும் சாலையோர வியாபாரிகள் கடுமையாக எதிர்த்தார்கள், பல ஆண்டுகள் இழுபறி. அங்கே சட்டப்படி சுற்றுச்சூழல் மதிப்பீட்டை வெளியிட்டுக் கருத்துக் கேட்க வேண்டும், வந்த கருத்துகளைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். நீட்டிப்பின் பெரும்பகுதியில் பஸ்ஸுக்கு முழுத் தனிப் பாதை போடாமல், கடை வாசலுக்குத் திரும்பும் வண்டிகளும் பயன்படுத்தக்கூடிய ஓரப் பாதை அமைத்தார்கள். 2017இல் பஸ் ஓடியது. முழுத் தனிப்பாதையைவிட வேகம் குறைவு, ஆனால் கடை வாசல்கள் திறந்திருந்தன. நம் ஊர் ஒழுங்கில் அப்படி ஓரப் பாதை விட்டால் ஆட்டோவும் லாரியும் நின்றுவிடும் என்பது என் அனுபவம். ஆனால் சரக்கு இறக்க நேரம் ஒதுக்குவது, கட்டுமானத்தை ஒரே நேரத்தில் முழு நீளத்துக்கும் தோண்டாமல் துண்டு துண்டாக முடிப்பது இரண்டும் இங்கேயும் முடியும். கடைக்காரர்களோடு சேர்ந்து இதைக் கேட்டால் உங்கள் குரலும் வலுக்கும்.

அடுக்ககச் சங்கம் சாலை இடத்தைப் பற்றிக் கேட்கும்போது ஒரு கணக்கைக் காட்டலாம். நிமிடத்துக்கு ஒரு பஸ், பஸ்ஸுக்கு 60 பேர் என்றால் ஒரு பாதையில் மணிக்கு 3,600 பேர். சிக்னல் உள்ள நகரச் சாலையில் அதே அகலத்தில் மணிக்கு 800 கார், காருக்கு சராசரி ஒன்றரை ஆள் என்று வைத்தாலும் 1,200 பேர். 2006இல் வந்த தேசிய நகரப் போக்குவரத்துக் கொள்கையும் வண்டிகளை அல்ல, மனிதர்களை நகர்த்துவதே நோக்கம் என்கிறது. ஆனால் நேர்மையாக ஒன்று சேர்த்துச் சொல்லுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ்தான் ஓடும் என்றால் இந்தக் கணக்கு அப்படியே கவிழ்ந்துவிடும். காலியான பஸ் பாதையைப் பக்கத்து நெரிசலில் நின்று பார்ப்பவர் யாரும் மன்னிக்க மாட்டார்கள். போபாலில் 2024 ஜனவரியில் பிஆர்டிஎஸ் தடுப்புகளை அகற்றத் தொடங்கினார்கள். இந்தூரில் 2025 பிப்ரவரியில் அகற்றுமாறு உயர் நீதிமன்றமே உத்தரவிட்டது.

பயணிகள் எண்ணிக்கை பற்றி டிபிஆரில் வரும் மதிப்பீட்டைச் சந்தேகத்தோடு பாருங்கள். பொய் என்று சொல்லவில்லை. இருபது வருடம் தள்ளிப் பார்க்கும் மதிப்பீடு எங்கள் துறையில் அடிக்கடி தவறுகிறது, பெரும்பாலும் கூடுதலாகச் சொல்லித் தவறுகிறது. திறந்த முதல் வருடத்துக்கான எண் என்ன, அது பாதியாக வந்தால் எத்தனை பஸ் ஓடும் என்று கேட்பது பயனுள்ள கேள்வி.

சட்டம் என்ன தருகிறது? இருக்கும் சாலைக்குள்ளேயே பாதை போடுவதாக இருந்தால், பொதுக் கூட்டம் நடத்தியே தீர வேண்டும் என்று பொதுவாக எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்துவதில்லை. கூட்டம் போட்டதே அவர்கள் விருப்பத்தால் என்றால் அதைப் பாராட்டியே பேச்சைத் தொடங்குங்கள். நிலம் எடுப்பதாக இருந்தால் 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின்படி சமூகத் தாக்க மதிப்பீடும் அதற்கான பொது விசாரணையும் உண்டு, ஆனால் சில மாநிலங்கள் திருத்தம் செய்து சில வகைத் திட்டங்களுக்கு விலக்கு தந்திருக்கின்றன. நடைபாதை வியாபாரிகளுக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது: நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும், இடம் மாற்றுவதற்கு 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும். அந்தக் குழு உங்கள் வார்டில் இந்தத் திட்டத்தைப் பார்த்ததா என்று கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, மக்களைப் பாதிக்கும் முக்கிய முடிவுகளை அறிவிக்கும்போது அதற்கான தகவல்களை அரசு தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது. வரைபடம் தர மறுத்தால் அந்தப் பிரிவைச் சொல்லுங்கள். அப்போதும் தராவிட்டால் மனு போடுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும்.

கடைசியாக, வாயால் பேசிவிட்டு வந்துவிடாதீர்கள். ஒரே பக்கத்தில், இடம் குறித்து, எண் போட்டு எழுதுங்கள். ‘மக்கள் சிரமப்படுவார்கள்’ என்ற வரி எந்தக் கோப்பிலும் எங்கும் போகாது. ‘இந்த மருத்துவமனை வாசலுக்கும் உத்தேச நிலையத்துக்கும் இடையே கடவு இல்லை, அருகிலுள்ள சிக்னல் இவ்வளவு தூரம்’ என்ற வரி ஒரு பொறியாளரின் மேசைக்குப் போகும், ஏனென்றால் அதற்கு அவரால் ஏதாவது செய்ய முடியும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தபால் பிரிவின் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தின் பதிவுக் குறிப்பும், ஒவ்வொரு கருத்துக்கும் ‘ஏற்றோம், ஏற்கவில்லை, காரணம் இது’ என்ற அட்டவணையும் டெண்டருக்கு முன் வெளியிட வேண்டும் என்று அந்தப் பக்கத்திலேயே கடைசி வரியாகக் கேளுங்கள். வரைபடம் கையில் கிடைத்ததும் இங்கே போடுங்கள். நிலையங்களையும் கடவுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்து என்னால் முடிந்ததைச் சொல்கிறேன்.